54 கிராம் புரதம் சேர்ப்பது எப்படி? டெல்டாவின் ஒவ்வாமைக்காரர்களுக்கு ஓர் எளிய கையேடு

தேவையான பொருட்கள்: தலைவாழை இலை 1. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பண்டம் குறைந்தது 1. அதை நம்ப மறுக்கும் உறவினர்கள், தேவையான அளவு.

செய்முறைக்குப் போகும் முன் கணக்கை முடித்துவிடுவோம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். காவிரித் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கும்பகோணத்துப் பக்கம் ஒரு மாமா கட்டாயம் கேட்பார். அவர் கேட்டு முடிக்கட்டும். நாம் வேலையைத் தொடங்குவோம்.

முதல் வேலை, உங்களுக்கு எது ஆகாது என்று கண்டுபிடிப்பது. இதற்கு மருத்துவரிடம் போகக் கூடாது. போனால் அவர் எதைச் சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிஷத்தில் தடித்தது, முன்பும் அப்படி ஆனதா என்று கேட்டு, கடைசியில் ஒரே ஒரு பண்டத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார். வீட்டில் கேட்டால் முழுப் பட்டியலே கிடைக்கும். நம் டெல்டா வீடுகளில் இதற்கென்று நான்கு இலாகாக்கள் உண்டு. வாயு இலாகா துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மொச்சை, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். சூடு இலாகாவுக்கு முட்டை, கோழி, வேர்க்கடலை. சளி இலாகா பாலையும் தயிரையும் வாரிக்கொள்ளும். கரப்பான் இலாகாவுக்கு மீன், இறால், நண்டு, கருவாடு. சற்று நிதானமாகப் பாருங்கள். நால்வரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டது போல, புரதம் உள்ள பண்டங்களை ஒன்று விடாமல் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரைப் பொங்கலின் சர்க்கரைமீது மட்டும் எந்த இலாகாவும் கை வைத்ததில்லை.

இது போதாது, விஞ்ஞானப்படி வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரே ஒரு குப்பி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளைச் சோதித்துத் தருவதாகச் சொல்லும் பரிசோதனைகள் விற்கின்றன. பல ஆயிரம் ரூபாய் கொடுத்தால் வண்ண வண்ணமாக அறிக்கை வரும். அவற்றில் பல ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளப்பவை. அந்த ஐஜிஜி, நீங்கள் ஓர் உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இந்தச் சோதனையை ஏற்பதில்லை. அறிக்கையில் சிவப்பு வட்டம் போட்டு வரும் பண்டங்கள் நீங்கள் அன்றாடம் தின்பவையாகவே இருப்பதன் ரகசியம் இதுதான். மருத்துவர்கள் கேட்கும் ஐஜிஇ சோதனை வேறு. அதையும் தனியாக வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கர்நாடகத்தின் தென்பகுதியில் பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 26.5 சதவீதம். சாப்பிட்டால் உண்மையிலேயே ஒவ்வாமை வரக்கூடியவர்கள் என்று கருதப்பட்டவர்கள் 1.2 சதவீதம்தான். இடைப்பட்டவர்கள் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் அன்றிரவே பாதி அடுப்படி காலியாகும்.

இப்போது பட்டியல் தயார். இலையில் மிஞ்சியிருப்பது சோறு.

பயப்பட வேண்டாம், சோற்றிலும் புரதம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 8 கிராம். 54 கிராம் வேண்டுமானால் 675 கிராம் அரிசி. வெந்தால் ஏறக்குறைய 2 கிலோ சோறு. இதை மூன்று வேளைக்குப் பிரித்து, கிச்சிலிச் சம்பாவோ பொன்னியோ உங்கள் விருப்பம் போல் சாப்பிட்டுவிட்டு, ஏர் ஓட்டி, அண்டை வெட்டி, நாற்று முடி சுமந்தால் கணக்கு சரியாகிவிடும். தாத்தா காலத்தில் நடந்தது ஏறத்தாழ இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து கணினி தட்டுபவர் இந்த முறையைப் பின்பற்றினால் புரதத்துக்கு முன் வேறொரு மருத்துவர் வந்துவிடுவார். மேலும், அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. நெய் ஊற்றிய பருப்புச் சாதத்தைப் பந்தியில் முதலில் வைத்தவர் வேதியியல் படித்தவரில்லை, ஆனால் கணக்கு தெரிந்தவர். கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனம் 10 சதவீதத்துக்குமேல் புரதம் உள்ள சி.ஆர். தான் 310 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அது நம்மூர்ச் சந்தைக்கு வரும்வரை வாயு இலாகாவோடு சமாதானம் பேசியாக வேண்டும்.

உளுந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும். நீங்கள் பிறந்த ஊர் சரியில்லை.

டெல்டாவில் உளுந்தை யாரும் மெனக்கெட்டு விதைப்பதில்லை. சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு நிற்கும்போதே, ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, ஈரம் மெழுகுபோல் இருக்கும் பதம் பார்த்துக் கதிருக்குள் உளுந்தையும் பயறையும் தூவிவிடுவார்கள். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும். நெல் அறுத்த தாளுக்கு நடுவே அது பாட்டுக்கு வளர்ந்து, பங்குனி சித்திரையில் காய் பறிக்கத் தயாராகும். நெல் தரிசுக்கென்றே ஆடுதுறையில் ரகம் எடுத்திருக்கிறார்கள், ஆடுதுறை 3. நெல்லுக்காக 1922-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் அது. நெல் அறுவடைக்கு இயந்திரம் வந்த பிறகு அதன் சக்கரத்தடியில் முளை நசுங்குகிறது என்ற விசனம் ஊர் ஊராக உண்டு. ஆனாலும் தூவுவதை விடவில்லை. கொசுறாக விளைந்த புரதத்தைத்தான் இந்தச் சோற்று நாடு காலங்காலமாகத் தின்று வந்திருக்கிறது.

கொசுறு என்பதால் அது எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். இட்லி, தோசை, வடை தெரிந்தவை. அப்பளம் உளுந்து மாவு. முறுக்கிலும் அதுதான். மிளகாய்ப் பொடியில் வறுத்துப் போட்டது, தேங்காய்த் துவையலில் அரைத்துப் போட்டது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய உளுத்தங்களி. கடைசியாகத் தாளிப்பு. கீரை மசியலில், புடலங்காய்ப் பொரியலில், தயிர்ச் சாதத்தில், எலுமிச்சம்பழச் சாதத்தில், கடுகோடு கைகோத்து அரை ஸ்பூன் உளுத்தம்பருப்பு. புரதக் கணக்கில் அந்த அரை ஸ்பூன் பூஜ்யத்துக்குச் சமம். ஒவ்வாமைக்காரருக்கோ அது முழு அளவு. டெல்டாச் சமையலில் பருப்பு நிரப்புகிற அளவில் வருவது சில பண்டங்களில்தான். தொல்லை தருகிற அளவில் எல்லாவற்றிலும் வரும்.

"இட்லியில உளுந்தக் கொறச்சிட்டு வெந்தயம் போட்டுக்கோம்மா" என்று அத்தை சொல்வார். வெந்தயமும் பயறு வகைக் குடும்பத்துச் செடிதான். எல்லாருக்கும் ஆகாது என்றில்லை. ஆனால் வேர்க்கடலைக்கோ கொண்டைக்கடலைக்கோ கடுமையாகத் தடிக்கும் ஆள், அத்தையை நம்பி வெந்தயத்தைக் கரைத்துக் குடிப்பதற்கு முன் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். அதேபோல, உளுந்து ஆகாது என்பதால் துவரை, கொள்ளு, கடலை எல்லாமே ஆகாது என்றும் ஆகிவிடாது. சோதனையில் பல பயறுகளுக்கு ஒருசேர ஆம் என்று வருவது சகஜம், சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் வம்பு செய்யும். எது என்று மருத்துவமனையில் வைத்தே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில், அதுவும் விருந்தன்று, பார்க்கிற வேலை அல்ல அது.

அடுத்து, பால் ஆகாதவர்கள். உங்களுக்காக உறவினர் வட்டம் தனி ஆராய்ச்சியே நடத்தி வைத்திருக்கிறது.

"பாலுதானே ஆகாது? இது தயிரு."

"நெய்யில பால் எங்கேருந்து வந்துச்சு? உருக்கினதுல எல்லாம் போயிடும்."

"பாக்கெட் பால்தான் உனக்கு ஆவல. நம்ம உம்பளாச்சேரி மாட்டுப் பால் ஒரு டம்ளர் குடிச்சுப் பாரு."

உம்பளாச்சேரி மாடு நாகை மாவட்டத்தின் பெருமை, சேற்றில் உழுவதில் சூரன். பால் என்னவோ கொஞ்சம்தான் கறக்கும். அந்தக் கொஞ்சத்திலும் கேசின் இருக்கிறது. காய்ச்சினாலும் உறை ஊற்றினாலும் கேசின் கேசின்தான். ஆட்டுப்பாலில் உள்ள புரதமும் பசும்பால் புரதத்துக்கு நெருங்கிய சொந்தம், பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் ஆகாது. பால் குடித்தால் வயிறு உப்பிப் போகிறது என்பவர்கள் வேறு கட்சி. அது லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காத கோளாறு, அவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் தாங்கும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டதால்தான் "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, தயிர் சாப்பிட்டேன், சரியாப் போச்சு" என்று சொல்பவர் ஒவ்வொரு பந்தியிலும் ஒருவர் இருக்கிறார்.

பந்தி என்றதும் இந்தக் கையேட்டின் சாரமான பகுதிக்கு வந்துவிட்டோம். தஞ்சாவூர்க் கல்யாண இலையில் புரதம் ஒளிந்திருக்கும் இடங்கள் அநேகம். மோர்க்குழம்பில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரைத்து விட்டிருக்கும். கூட்டு கெட்டியாக இருந்தால் கடலை மாவைச் சந்தேகிக்கலாம். பாயசத்தில் முந்திரி. அசோகா பாசிப்பருப்பு, கோதுமை மாவு, நெய், முந்திரி நான்கும் சேர்ந்த மாநாடு. ரசம் பாதுகாப்பானது என்று நினைத்தால் அது பருப்புத் தண்ணீர், கூடவே பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டு எழுந்தும் அவதிப்படுவதற்குக் காரணம் தேடினால் பல சமயம் அந்தச் சின்ன டப்பாவில் போய் முடியும்.

இலையில் எதை மறுப்பது என்று தெரிந்தாயிற்று. எப்படி மறுப்பது? "அலர்ஜி" என்று சொல்லாதீர்கள். சொன்னால் விவாதம் தொடங்கும். எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா, ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று மூன்று தலைமுறை உங்கள் இலையைச் சுற்றி நிற்கும். அதற்குப் பதில், "காசிக்குப் போனப்போ முந்திரியை விட்டுட்டேன் மாமா" என்று சொல்லிப் பாருங்கள். கரண்டி அந்தரத்தில் நிற்கும். மாமா கன்னத்தில் போட்டுக்கொள்வார். பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "இந்த இலைக்குப் பாயசம் கூடாது, பாத்துக்க" என்று அவரே காவல் நிற்பார். காசி கயை போய் ஒரு காய், ஒரு பழம் விட்டு வருவது வழக்கம்தானே. நீங்கள் போனது மருத்துவமனைக்கு என்பதை யாரும் விசாரிக்கப் போவதில்லை. பால் ஆகாதவர்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதாகவும், முட்டை ஆகாதவர்கள் மாலை போட்டிருப்பதாகவும் சொல்லலாம். நேர்த்திக்கடனுக்கு இருக்கும் மரியாதை நோய்க்குக் கிடையாது.

திருநாகேசுவரத்தை அடுத்த ஒப்பிலியப்பன் கோயிலில் பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியம். சின்னப் பெண்ணான பூமிதேவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்றதும், பரவாயில்லை, உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டதாக ஸ்தல புராணம். காலங்காலமாக அந்த மடைப்பள்ளியில் ஒரு கல் உப்பு விழுந்ததில்லை. "சும்மா ருசிக்கு ஒரு சிட்டிகை போட்டிருக்கேன் பெருமாளே, தெரியவே தெரியாது" என்று எந்த மடைப்பள்ளிக்காரரும் சொல்லியிருக்க மாட்டார். ஒருவருக்கு ஆகாததை விட்டுச் சமைக்கத் தெரியாத ஊரில்லை இது. அந்த ஒருவர் சாமியாக இருந்துவிட்டால் வேலை சுலபம்.

அசைவக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பருப்பு ஆகாவிட்டாலும் நாகப்பட்டினமும் மல்லிப்பட்டினமும் கைவிடாது. கடல் மீன் விலை ஏறினால் வாய்க்காலில் கெண்டையும் கெளுத்தியும் உண்டு, வயலில் நண்டும் நத்தையும் உண்டு. நடவு ஆட்கள் அவற்றை எடுத்துக் குழம்பு வைத்தது ஏழ்மையால் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். புரதக் கணக்கில் அக்கிரகாரத்து இலையைவிட அந்தச் சட்டி கனம். ஒரே இடைஞ்சல் புரட்டாசி. அந்த ஒரு மாதம் உங்கள் புரதமும் விரதம் இருக்கும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் வாரம் 5 முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதற்குப் பதில் வாழைப்பழம். முட்டையில் 6 கிராம் புரதம், வாழைப்பழத்தில் சுமார் 1 கிராம். பழத்தின்மேல் குற்றமில்லை. நம் திட்டத்தில் மாற்று என்பது கையை வெறுமையாக விடாதிருப்பதற்கு, அவ்வளவுதான். ஒரு கை வேகவைத்த பயறு கொடுத்தால் கணக்கு கொஞ்சம் நேராகும்.

டப்பா நம்பிக்கைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. புரதப் பொடிகளில் வே என்று போட்டிருந்தால் அது பால். வே இல்லையென்றால் பெரும்பாலும் சோயா அல்லது பட்டாணி, இரண்டும் பயறு. வளரும் பிள்ளைக்கு என்று விற்கும் மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் பாலும் இருக்கும். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைப்படி பசையம் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்குமேல் சல்ஃபைட் ஆகியவற்றை ஒவ்வாமை எச்சரிக்கையாகத் தனியே எழுத வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் தின்று வளர்ந்த நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். கொண்டைக்கடலையும் உளுந்தும்கூட இல்லை. ஆகவே கொட்டை எழுத்தை மட்டும் நம்பாமல், கீழே பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலை முழுக்கப் படியுங்கள். செக்கு எண்ணெய் பிரியர்களுக்கும் இது பொருந்தும். ஆட்டிய எண்ணெயில் கொட்டையின் புரதம் சிறிது தங்கியிருக்கும். எள்ளோ கடலையோ ஆகாதவருக்கு அந்தச் 'சுத்தம்'தான் சிக்கல்.

இந்தப் பத்தியில் கிண்டல் இல்லை. சாப்பிட்ட சில நிமிஷங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, அதோடு மூச்சுத் திணறலோ, குரல் கம்மலோ, தொடர் வாந்தியோ, மயக்கமோ வந்தால் அது அரிப்பு மாத்திரையில் அடங்கும் விஷயமில்லை. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம்மூர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் மருந்து மலிவானது, மருத்துவமனைகளில் இருக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். மோரும் சுக்குக் கஷாயமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி நிஜமான கணக்கு. நாளைக்கு 300 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் 24 கிராம் புரதம் கையில். பால் மட்டும் ஆகாத சைவர் 100 கிராம் பருப்பும் ஒரு கை வேர்க்கடலையும் சேர்த்தால் 53 வந்துவிடும். அரைக்கட்டு முருங்கைக்கீரை மீதியைப் பார்த்துக்கொள்ளும். பயறு ஆகாதவர் மீன் சாப்பிடுவாரானால் இரண்டு முட்டை, 100 கிராம் மீன், தீர்ந்தது. பயறு ஆகாத சைவருக்கு அரை லிட்டர் பாலும் தயிருமாக 16, 100 கிராம் அகத்திக்கீரை 8, கொஞ்சம் எள்ளுப்பொடி. பாலும் ஆகாது, பயறும் ஆகாது, சைவம் வேறு என்றால் கையேடு போதாது, உணவியல் நிபுணரிடம் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு பண்டத்தை விட்டால் இன்னொன்றைக் கொண்டு ஈடு கட்டலாம். நாலு இலாகாவும் சொன்னதை எல்லாம் விட்டவருக்குத்தான் ஈடு கிடையாது.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. ரேஷனில் ஒரு கார்டுக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நால்வர் இருக்கும் வீட்டில் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு, அதாவது 2 கிராமுக்கும் குறைவான புரதம். அரிசி இலவசம், பருப்பு அளவு, மீதி எல்லாம் கடை விலை. நூறு கிராம் பருப்பு என்று நான் மேலே சுலபமாக எழுதிவிட்ட வரி பல வீடுகளில் ஒவ்வாமை இல்லாமலே நடக்காத காரியம்.

கல்யாண வீட்டாருக்கும் சமையல் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாம்பார் வாளிக் கரண்டியை ரச வாளியில் விடாதீர்கள். எந்தப் பண்டத்தில் முந்திரி, எதில் கடலை மாவு, எதில் பால் என்று ஒரு தாளில் எழுதிப் பந்தி வாசலில் ஒட்டுங்கள். இலையில் ஒருவர் வேண்டாம் என்று கை மறித்தால், அவர் காசிக்குப் போனாரா என்று கேட்காமலே அடுத்த இலைக்குப் போய்விடுங்கள்.